எங்கள் வீட்டுப் பெரிய மனுஷி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடு, காதுகுத்து, ரேஷன் கடை வரிசை என்று எங்கே போனாலும் எங்கள் மகளைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. பதில் சொல்லச் சலிப்பில்லை, உண்மையில் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்று சொல்ல ஆரம்பித்தால் பந்தியில் இலை எடுத்துவிடுகிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். எழுதுவது அம்மா. அவள் அப்பா படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் ‘இதைப் போடாதே’ என்றார். ஓர் இடத்தில் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

யார் இந்தப் பெரிய மனுஷி?

ஐந்து வயது. யுகேஜி. இன்னும் ஒரு பால்பல்கூட விழவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீடு. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை, சிறியதுதான். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்கு முத்து சேர்க்கும் வேலை செய்கிறேன். ஓர் அண்ணன் இருக்கிறான், நான்காம் வகுப்பு. அப்புறம் அப்பாயி, அதாவது என் மாமியார்.

‘பெரிய மனுஷி’ என்று பேர் வைத்தது அப்பாயிதான். பேச ஆரம்பித்த காலத்திலேயே முழு வாக்கியமாகப் பேசினாள். அதுவும் குழந்தைப் பேச்சு இல்லை. மூன்று வயதில், வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர் அண்ணனைப் பார்த்து, “வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றாள். வீட்டில் மோர் இல்லை என்பது வேறு விஷயம்.

கோட்டை மாரியம்மனை ஏன் ‘பெரியம்மா’ என்று கூப்பிடுகிறாள்?

சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கிற அம்மனுக்குக் கோட்டை பெரிய மாரியம்மன் என்று பேர். ஊரில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோயில் உண்டு. எட்டுப் பேட்டைக்கும் கோட்டை அம்மன்தான் தலைமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை அப்பாயி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் குறுக்கே கேட்டாள். “அப்ப எல்லா மாரியம்மனும் அக்கா தங்கச்சியா?” ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

அதோடு கணக்கு முடிந்துவிட்டது. கோட்டையில் இருப்பவர் பெரியம்மா. செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை என்று மற்றப் பேட்டைகளில் இருப்பவர்கள் சித்திகள். பண்டிகைக்குப் பெரியம்மா வீட்டுக்கு முதலில் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார், சித்திகள் பரவாயில்லை என்பது அவள் தீர்ப்பு. எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் நிலவரம் அப்படித்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கோயிலுக்குப் புளி கொண்டுபோனது உண்மையா?

உண்மை. பலபேர் இதை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

அம்மன் கோயில்களில் உப்பும் மிளகும் வாங்கிப் போடுவது வழக்கம். உடம்பில் மரு, கட்டி என்று வந்தால் நேர்ந்துகொண்டு போடுவார்கள். கோயில் வாசல் கடையில் சின்னப் பொட்டலமாக விற்பார்கள். அப்பாயி காலில் ஏதோ மரு வந்ததென்று வாங்கிப் போட்டார். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற அம்மாவும் உப்பு மிளகு, பின்னால் நின்றவரும் உப்பு மிளகு. வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் தீபாராதனை முடிந்து திருநீறு வாங்க நீட்டச் சொன்னால் வலது கையை நீட்ட மாட்டேன் என்கிறாள். மூடிய கையைப் பிரித்தால் உள்ளே நெல்லிக்காய் அளவு புளி உருண்டை. வியர்வையில் ஊறிக் கை முழுக்கப் பிசுபிசுப்பு. வீட்டுச் சமையலறைப் புளிச் சட்டியிலிருந்து எடுத்து, ஆட்டோவில் அவ்வளவு தூரமும் பொத்திக்கொண்டே வந்திருக்கிறாள்.

“எல்லாரும் உப்பும் மெளகுமே குடுத்தா பெரியம்மா எப்படி ரசம் வைப்பாங்க? புளியை யாராவது கொண்டு வரணும்ல?”

பூசாரி சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. தட்டை நீட்டி, “வைம்மா” என்றார். வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “பெருங்காயம் அடுத்த வாரம்” என்றாள்.

சாமியை இப்படிச் சமமாக நடத்துவது மரியாதைக் குறைவு இல்லையா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என் பெரிய நாத்தனார் வீட்டுப் பக்கம். மரியாதையாகவே பதில் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்தியில் சாமியைக் கண்டு நடுங்குவது ஒரு வழி மட்டும்தான். பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகையே தமிழில் இருக்கிறது. முருகனையும் மீனாட்சியையும் மடியில் போட்டுத் தாலாட்டி, கை தட்டச் சொல்லி, முத்தம் கேட்டு, நிலாவை விளையாடக் கூப்பிட்டுப் பாடுவது. பாடுகிற புலவர் தாயாகிவிடுகிறார், தெய்வம் குழந்தையாகிவிடுகிறது. சுந்தரர் இன்னும் ஒருபடி மேல். அவரைத் தம்பிரான் தோழர் என்பார்கள். மனைவி பரவையார் கோபித்துக் கதவடைத்தபோது, சமாதானம் பேசத் திருவாரூர்த் தெருவில் நடுராத்திரியில் சிவனையே தூது அனுப்பினவர். எங்கள் மகள் மாரியம்மனுக்கு இன்னும் எந்த வேலையும் வைக்கவில்லை. ரசம் வைக்கச் சாமான்தான் கொடுத்தாள்.

அவள் செய்வது எனக்கு மரியாதைக் குறைவாகத் தெரியவே இல்லை. கோயிலில் நாங்கள் எல்லாரும் கேட்கத்தான் போகிறோம். பட்டறைக்கு ஆர்டர் வேண்டும், வெள்ளி விலை இறங்க வேண்டும், கால்வலி போக வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன தேவை என்று வரிசையில் நின்று யோசித்தது இவள் ஒருத்திதான்.

இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

யாரும் இல்லை. கதை சொல்வது அப்பாயி. சாமி படத்துக்குப் பூ வைப்பது நான். அவ்வளவுதான். மிச்சத்தை அவளே கட்டிக்கொள்கிறாள்.

இந்த வயதில் கடவுளைப் பற்றி உண்மையில் என்ன புரியும்?

நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே புரிகிறது. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, சின்னக் குழந்தைகள் சூரியனுக்கும் மேகத்துக்கும் உயிர் இருப்பதாக நினைக்கிறார்கள் என்றும், மலையும் ஏரியும் யாரோ செய்து வைத்தவை என்று நம்புகிறார்கள் என்றும் எழுதினார். கடவுளைப் பெரிய மனிதராகத்தான் குழந்தை நினைக்கும் என்பது அந்தக் காலத்துக் கருத்து.

பின்னால் வந்தவர்கள் வேறு மாதிரி சோதித்தார்கள். அமெரிக்காவில் ஜஸ்டின் பாரெட்டும் உடன் இருந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிஸ்கட் பெட்டிக்குள் கல்லைப் போட்டு, குழந்தைக்குத் திறந்து காட்டி மூடிவிட்டு, “உன் அம்மா வந்து பார்த்தால் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பாள்?” என்று கேட்பது. மூன்று வயதுக் குழந்தைகள் அம்மாவுக்கும் கல் என்று தெரியும் என்பார்கள். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது. ஐந்து வயதுக் குழந்தைகள், அம்மா பிஸ்கட் என்று ஏமாந்துவிடுவாள் என்பார்கள். ஆனால் கடவுள்? கடவுளுக்கு மட்டும் கல் என்று தெரியும். ஆக, மனிதர் வேறு, கடவுள் வேறு என்று ஐந்து வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? நம் வீடுகளில் இதற்குத் தனியாகப் பெட்டி தயார் செய்யவே வேண்டியதில்லை. வெண்ணெய் பிஸ்கட் டப்பாவில் எப்படியும் ஊசி நூலும் பொத்தானும்தான் இருக்கும். திறந்து காட்டி மூடினேன்.

“பக்கத்து வீட்டு அத்தை வந்தா உள்ள என்ன இருக்குன்னு நெனப்பாங்க?”

“பிஸ்கட்டு.”

“பெரியம்மா?”

“அவங்களுக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டாங்க. சொன்னா அத்தைக்கு வெக்கமாயிரும்.”

ஆய்வு செய்தவர்கள் இந்தக் கடைசிப் பகுதிக்கு மதிப்பெண் வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. நான் நூற்றுக்கு நூறு போட்டேன்.

சாமி தன்னிடம் பேசுவதாகச் சொல்கிறாளாமே?

சொல்வாள். குறிப்பாகப் புடலங்காய்க் கூட்டு வைக்கும் நாட்களில். “இன்னிக்கு எனக்குப் புடலங்கா வேண்டாம்னு பெரியம்மா சொன்னாங்க.” என் பதில் எப்போதும் ஒன்றுதான்: “என்கிட்டச் சொல்லலையே, சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.” பொய் சொல்கிறாய் என்று திட்டுவதும் இல்லை, ஐயோ அம்மன் வாக்கு என்று தட்டை எடுப்பதும் இல்லை. கூட்டைச் சாப்பிட்டுவிடுவாள், பெரியம்மாமேல் கொஞ்சம் வருத்தத்தோடு.

கண்ணுக்குத் தெரியாத தோழரோடு பேசுவது இந்த வயதில் சர்வசாதாரணம். பல குழந்தைகளுக்கு அப்படி ஒருவர் உண்டு, பேர்கூட வைத்திருப்பார்கள். குழந்தை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. அந்தக் குரல் பயமுறுத்துகிறது, அடிக்கச் சொல்கிறது என்று குழந்தை சொன்னால் அது வேறு, மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அம்மன் இறங்குகிறாள் என்று வேப்பிலையோடு யாரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் வந்தார், காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அம்மை போட்டபோது என்ன செய்தாள்?

காபி என்றதும் இதுதான் ஞாபகம் வருகிறது. போன கோடையில் சின்னம்மை வந்தது. அப்பாயி வாசலில் வேப்பிலை சொருகி, வீட்டில் தாளிக்கக் கூடாது என்று சொல்லி, வருகிறவர்களிடம் “அம்மா வந்திருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் வேப்பிலைப் படுக்கையில் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்தபடி இரண்டு நாள் இதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் கோபமாகக் கேட்டாள்.

“வந்திருக்காங்க வந்திருக்காங்கன்னு சொல்றீங்களே, வந்தவங்களுக்கு ஒரு காபியாச்சும் குடுத்தீங்களா?”

அப்பாயி அன்றைக்கு இளநீர் இரண்டாக வெட்டச் சொன்னார். ஒன்று இவளுக்கு, ஒன்று படத்துக்கு முன்னால். அப்புறம் அரிப்பு தாங்காமல் அழுகிற ராத்திரியில், “பெரியம்மா, நீங்க வந்தது சந்தோஷம், ஆனா முதுகுல மட்டும் இருக்காதீங்க, கை எட்டலை” என்று சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் கேட்கவில்லை.

இதே கேள்வியோடு பலர் வைத்தியமும் கேட்பதால் சொல்கிறேன். மருத்துவரிடமும் காட்டினோம். சின்னம்மை வைரஸால் வருவது, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அடுத்தவருக்கு ஒட்டும், அதுவரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். தடுப்பூசி உண்டு, ஆனால் அரசு இலவசமாகப் போடும் வழக்கமான பட்டியலில் இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாயிக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. பெரியம்மை 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது என்று சொன்னேன். “ஊசியும் அவ குடுத்ததுதானே” என்றார்.

‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொன்னால் பயப்படுவாளா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. ஒரு சித்தப்பா சொல்லிப் பார்த்தார், அவருக்குக் கிடைத்த பதில் இது.

கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், குழந்தை உருவம் என்று அச்சடித்து விற்பார்களே, கண்வலி தீர்ந்தால் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுவோமே, அது இவளுக்கு மிகவும் பிடிக்கும். அப்பா வெள்ளி வேலை செய்கிறவர் என்பதால் தொட்டுப் பார்த்து, “தகடு ரொம்ப மெல்லிசு, எங்கப்பா நல்லா பண்ணுவாரு” என்று கடைக்காரரிடமே சொல்லியிருக்கிறாள். சித்தப்பா கண்ணைக் குத்தும் என்றதும் திரும்பி நின்று கேட்டாள். “நாம அவங்களுக்குக் கண்ணு வாங்கிக் குடுக்கிறோம். அவங்க எதுக்கு நம்ம கண்ணைக் குத்துறாங்க? நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?”

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

வண்டி வேடிக்கையில் சிவபெருமான் டீ குடித்ததைப் பார்த்து அழுதாளாமே?

அழவில்லை. அழுதது அவள் அண்ணன். ஆடித் திருவிழாவில் குகை வண்டி வேடிக்கை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: சிவன், பார்வதி, முருகன், ராவணன் என்று வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் ஏறி, விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஊர்வலமாக வருவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கூட்டத்தில் குழந்தையைத் தோளில்தான் வைத்திருக்க வேண்டும்.

வண்டி ஏறுவதற்கு முன்னால், சந்துக்குள் டீக்கடை ஓரமாக, உடம்பெல்லாம் நீலம் பூசி ஜடாமுடி வைத்த ஒருவர், ரப்பர் பாம்பைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உதட்டுச் சாயம் கப்பில் ஒட்டியிருந்தது. மகன், “அது நெஜ சாமி இல்லையா?” என்று உதட்டைப் பிதுக்கினான். இவள் அப்பா தோளிலிருந்தபடி விளக்கம் சொன்னாள். “வெஷத்தையே குடிச்சவரு. டீ என்ன பண்ணும்?”

டீக்கடைக்காரர் அவளுக்கு ஒரு வர்க்கி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மற்ற மதத்துச் சாமிகளைப் பற்றி என்ன நினைக்கிறாள்?

நாலு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது. சேலத்தில் எல்லாச் சாதி மதத்துக்காரர்களும் போய் மெழுகுவத்தி ஏற்றுகிற இடம். என் தோழியோடு போனபோது, கிரீடம் வைத்த அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்து அசந்துவிட்டாள். தன் உயரத்துக்கு ஒரு சாமி! “இவரு எந்த கிளாஸ்?” என்று தோழியிடம் கேட்டாள். அப்புறம் கொஞ்ச நாள் அவரைப் பற்றிய கவலை. ராத்திரி தனியாக இருப்பாரா, அவர் அம்மா பக்கத்தில் இருக்கிறாரா. மாதா சுரூபத்தைக் காட்டியபிறகுதான் நிம்மதி.

காய்ச்சல் விடாதபோது சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் குழந்தைகளை நிறுத்தி ஓதி ஊதச் சொல்வோம், இதுவும் நம் ஊர் வழக்கம்தான். ஊதிய பாய்க்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் நெற்றியில் எட்டிப் பதிலுக்கு ஊதினாள். அவருக்கும் காய்ச்சல் வரக் கூடாதாம்.

குடும்பத்தில் சாமி இல்லை என்பவர்கள் யாரும் இல்லையா?

ஏன் இல்லை, என் அண்ணன் இருக்கிறார். சேலம் சாதாரண ஊரா? நீதிக்கட்சி 1944-இல் திராவிடர் கழகம் என்று பேர் மாறியதே சேலம் மாநாட்டில்தான். அதை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார். கருப்புச் சட்டை, கையில் புத்தகம், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல். அவரும் இவளும் ரொம்ப நெருக்கம்.

“மாமா, நீங்க ஏன் உள்ள வரலை?”

“எனக்கு சாமி இல்லை கண்ணு.”

அவளுக்கு இதில் கோபம் இல்லை, பரிதாபம்தான். அன்றிலிருந்து கும்பிடும்போது கண்ணை மூடி ஒரு தரம், அப்புறம் இன்னொரு தரம். இரண்டாவது யாருக்கு என்று கேட்டால், “மாமாவுக்கு. அவருக்கு இல்லைல்ல, அதான் நான் சேத்துக் கும்பிட்டுக்கிறேன்.” இதைக் கேட்ட அண்ணன் வாதம் எதுவும் செய்யவில்லை. “கேள்வி கேக்குறா பாரு, அது போதும் எனக்கு” என்றார். அவர் அவளுக்கு வாங்கித் தரும் புத்தகமெல்லாம் விண்மீன், டைனோசர், மனித உடம்பு. டைனோசருக்கும் சாமி இருந்திருக்குமா என்று இப்போது இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமா இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை என்பது முகத்தில் தெரிகிறது.

ஏற்காடு போனபோது என்ன வேண்டிக்கொண்டாள்?

சேலத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவில் முகம் வெளிறியது. கைகூப்பி, “பெரியம்மா, எனக்கு வாந்தி வராமப் பாத்துக்கங்க. வந்தே ஆகணும்னா அண்ணனுக்கு வரட்டும், அவன் ஜன்னல்கிட்ட இருக்கான்” என்றாள். அண்ணனுக்குத்தான் வந்தது. அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

மேலே சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. 5,000 அடிக்கு மேலே, மலை உச்சியில், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருட்டும் ஈரமும் கற்பூர வாசனையும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், மலைவாழ் மக்கள் மே மாதத்தில் திருவிழா எடுப்பார்கள். பெரியவர்கள் எல்லாரும் முதுகை வளைத்து முனகிக்கொண்டு போக, இவள் மட்டும் நிமிர்ந்தபடி நடந்தாள். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க என் சைஸுக்குத்தான் கட்டியிருக்காங்க” என்று மிகுந்த திருப்தியோடு சொன்னாள். பெரியம்மாவுக்கு இங்கே யார் உறவு என்று இதுவரை முடிவாகவில்லை. காவேரியம்மன் அத்தையாக இருக்கலாம் என்று பேச்சு.

தாத்தா இறந்ததை எப்படி எடுத்துக்கொண்டாள்?

அமைதியாக. போனவர் திரும்பி வரமாட்டார் என்பது தெரிகிறது. ஆனால் அவருக்குப் பசிக்காது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. அமாவாசைப் படையல் அன்று வத்தக்குழம்பு இலையில் விழுந்ததும் கத்தினாள். “காரம் போடாதீங்க, தாத்தாவுக்கு அல்சர்!” அப்பாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தயிர் எடுத்து வந்தார். இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் படையலில் காரம் இல்லை. காக்கைகளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞானக்குழந்தையோ? முன்ஜென்ம வாசனையோ?

இல்லீங்க. சம்பந்தர் மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் குடித்துத் ‘தோடுடைய செவியன்’ பாடினார். எங்கள் மகள் ஐந்து வயதில் செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுகிறாள். சட்டைப் பொத்தான் போட வராது. கடைசிப் பொத்தானை முதல் ஓட்டையில் திணித்துவிட்டு, “பிரபஞ்சத்துக்கு வெளியில என்ன இருக்கு?” என்று கேட்பாள். வாய் முந்திக்கொண்டு போகிற குழந்தைகளுக்குக் கை அந்த வேகத்தில் வராமலிருப்பது சகஜம் என்று டீச்சரும் சொன்னார். அடம் உண்டு, தரையில் புரண்டு அழுவதும் உண்டு. பல் துலக்க வைப்பதற்குள் உயிர் போகிறது. ஐக்யூ சோதனை எதுவும் செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை.

அவள் பேசுவதை ரீல்ஸ் எடுத்துப் போடலாமே, லட்சக்கணக்கில் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள்தான். அதனால்தான் போடவில்லை. ஒரு கல்யாணத்தில் ஒருவர் போனை முகத்துக்கு நேரே நீட்டி, “அந்தப் புளிக் கதையைச் சொல்லு பாப்பா” என்றார். அவள் பேசவே இல்லை. பிறகு என்னிடம், “அது எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவுல உள்ளதுதானேம்மா” என்றாள். அவர்கள் இருவருக்கும் இடையில் இருப்பதை எழுத எனக்கு மட்டும் என்ன உரிமை என்று கேட்கலாம். அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன். இரண்டு கதைகளை வேண்டாம் என்றாள். அவை இங்கே இல்லை.

நாலு பேர் சிரித்தால் அடுத்தமுறை அந்தச் சிரிப்புக்காகப் பேச ஆரம்பித்துவிடுவாள் என்பதுதான் எனக்கிருக்கும் பயம். இப்போது அவள் யாரையும் சிரிக்கவைக்க எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் காரியமாகத்தான் சொல்கிறாள். நாங்களும் எதிரில் சிரிப்பதில்லை, சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறோம்.

பெரியவளானால் இந்த நம்பிக்கை மாறிவிடுமே, வருத்தமாக இருக்காதா?

மாறலாம். மாமா பக்கமே சாயலாம். சாய்ந்தால் அவள் பங்குக்கும் நான் ஒரு தரம் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன், வழி அவள் காட்டியதுதானே.

வீட்டுக்கு வந்தால் என்ன வாங்கி வரலாம்?

சீசன் என்றால் மாம்பழம் வேண்டவே வேண்டாம், வீட்டில் மிதிபடுகிறது. தட்டுவடை செட் என்றால் காரச் சட்னி தனியாகக் கட்டச் சொல்லி வாங்கி வாருங்கள். பேசும்போது குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள். முக்கியமாக ஒன்று. கோயிலுக்கு ஏதாவது நேர்ந்துகொண்டு இன்னும் செய்யாமல் இருந்தால் அவள் காதுபட அதைச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகச் சொன்னதை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போனில் அவர் குரல் கேட்டாலே, “இன்னும் தொண்ணூத்தி மூணு” என்கிறாள்.